நீக்கப்படும் புத்தகங்கள்: பல்கலைக்கழக அதிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

1

நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 2020 நவம்பரில் தன்னுடைய எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து அருந்ததி ராயின் ‘வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்’ நூலைத் தூக்கிவிட்டது. தண்டகாரண்யக் காட்டுக்குள் மாவோயிஸ்டுகளோடு நடந்துபோய், ஆதிவாசிகளின் நிலம் சுரங்கக் கம்பெனிகளுக்குக் கைமாறுவதை எழுதிய நூல் அது. 2017 முதல் மூன்றாம் பருவத்தில் பாடமாக இருந்தது. மூன்று வருஷம் பிள்ளைகள் படித்தார்கள், பரீட்சை எழுதினார்கள், மார்க் வாங்கினார்கள். பிறகு அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத்திடமிருந்து ஒரு புகார் வந்தது. மாவோயிஸ்டுகளைப் போற்றுகிற நூல் என்றார்கள். துணைவேந்தர் ஒரு குழு போட்டார். புத்தகம் போய்விட்டது. அந்த இடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வந்து உட்கார்ந்தன.

கிருஷ்ணன் மேல் நமக்கு வருத்தமில்லை. திருநெல்வேலியில் பிறந்தவர். யானையையும் பறவையையும் அவரைப் போலப் பார்த்து எழுதியவர்கள் குறைவு. ஆனால் இந்த மாற்றத்தின் அரசியலைக் கவனிக்க வேண்டும். காட்டுக்குப் பதில் காடுதான் வந்திருக்கிறது. முதல் காட்டில் நிலத்தைப் பறிகொடுக்கிற மனுசன் இருந்தான், கம்பெனி இருந்தது, போலீஸ் இருந்தது. இரண்டாவது காட்டில் அந்தச் சண்டை இல்லை. ஆபீஸுக்குத் தொந்தரவு தராத காடு.

அப்போது எழுந்த கண்டனங்கள் பெரும்பாலும் ‘கருத்துச் சுதந்திரம்’ என்ற சொல்லைச் சுற்றியே வந்தன. சரிதான். ஆனால் ராயின் புத்தகம் அப்போதும் கடையில் கிடைத்தது. அவருடைய சுதந்திரத்துக்கு அபிஷேகப்பட்டியில் பெரிய சேதம் ஒன்றுமில்லை. சேதம் வேறு இடத்தில். எந்த நூல் பாடம் என்பதை வகுப்பெடுக்கிறவர் தீர்மானிப்பதா, ஆபீஸ் தீர்மானிப்பதா என்பதில்தான் சேதம். அந்தக் கேள்வியை ஊன்றிக் கேட்டவர்கள் அதிகமில்லை. கேட்டிருந்தால் அதன் முதுகில் ஏறி இன்னொரு கேள்வியும் வந்திருக்கும்: வகுப்பெடுக்கிறவர் என்றால் அது யார்? தலித்துகள் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்டாக வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்புகளின் வாதம். முதல் கேள்வியை மட்டும் கேட்டால் ஆசிரியர் சங்கத்தின் கோஷமாக முடியும். இரண்டாவதை மட்டும் கேட்டால் நிர்வாகத்தின் கைக்கு நாமே கம்பு எடுத்துக் கொடுத்ததாக ஆகும்.

2

பல்கலைக்கழகச் சட்டங்களைப் புரட்டினால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பாடத்திட்டக் குழு, அதற்கு மேல் கல்விக் குழு, அதற்கு மேல் சிண்டிகேட், செனட். பாடத்திட்டக் குழு ஆசிரியர்களின் இடம். பாடம் அங்கே பிறந்து மேலே போக வேண்டும் என்பது ஏற்பாடு. நடப்பு என்ன? குழுவில் யார் என்று நியமிக்கிற கை பெரும்பாலும் மேலே இருக்கிறது. கூட்டம் எப்போது, பொருள் என்ன என்று நோட்டீஸ் அனுப்புகிற கையும் மேலேதான். போதாததற்கு, அவசரம் என்று துணைவேந்தர் கருதினால் தானே முடிவெடுத்துவிட்டுப் பிறகு சம்பந்தப்பட்ட குழுவுக்குச் சொல்லலாம் என்கிற ஷரத்தும் தமிழகப் பல்கலைக்கழகச் சட்டங்களில் இருக்கிறது. 2020இல் போட்ட குழுவில் ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவினரும் இருந்தார்கள் என்று நிர்வாகம் சொன்னது. இருக்கட்டும். ஆசிரியர்கள் தாமாகக் கூடி ஒரு நூலைத் தேர்வதும், புகார் வந்த பிறகு கூப்பிட்ட இடத்தில் போய் உட்கார்வதும் ஒன்றல்ல.

தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு இந்த அதிகாரம் இன்னும் தூரம். ஒரு காலத்தில் இங்குள்ள கல்லூரிகளுக்குப் பாடம் சென்னையிலிருந்து வந்தது. 1966க்குப் பிறகு மதுரையிலிருந்து வந்தது. 1990க்குப் பிறகு அபிஷேகப்பட்டியிலிருந்து வருகிறது. தன்னாட்சி இல்லாத கல்லூரியின் ஆசிரியர் வந்ததை நடத்துவார். “நம்ம கையில என்ன இருக்கு, அங்கேருந்து வாரத நடத்துதோம்” என்பதுதான் ஸ்டாஃப் ரூம் பேச்சு. மீன்வளக் கல்லூரியையும் பாருங்கள். 1977இல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கியது. 1989இல் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 2012இல் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. கோயம்புத்தூர், சென்னை, நாகப்பட்டினம் என்று தலைமையிடம் மாறிக்கொண்டே இருந்தது. கல்லூரி இருந்த கரை மட்டும் மாறவில்லை.

3

இந்தக் கடற்கரைக்கு இப்படிப்பட்ட ஏற்பாடு பழக்கமானதுதான். வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பார் எங்கே கிடக்கிறது, நீரோட்டம் எப்படி, கல்லோடு இறங்கினால் மூச்சு எவ்வளவு தாங்கும் என்பது குளியாளிக்குத் தெரியும். ஆனால் குளிப்பு எந்த வருஷம், எந்த நாள் என்பதைச் சர்க்கார் நோட்டீஸ்தான் சொல்லும். கரைக்கு வந்த சிப்பியைக் கொட்டுக்குள் குவித்து எண்ணுவார்கள். மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்குதான் முங்கியவர்களுக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு 1955 முதல் 1961 வரை நடந்த கடைசிக் குளிப்புகளிலும் கணக்குப் புத்தகம் மீன்துறையின் கையில்தான். முங்கினவன் ஒருத்தன், எண்ணினவன் ஒருத்தன்.

ஆசிரியர் சங்கத்துத் தோழர்களுக்கு இந்த உவமை பிடிக்கும். நாங்கள்தான் குளியாளி, நிர்வாகம்தான் கொட்டு என்பார்கள். அங்கேதான் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. சர்க்காருக்கும் குளியாளிக்கும் நடுவில் சம்மாட்டி என்று ஒருவர் உண்டு. தோணி அவருடையது. கரையில் சர்க்காரோடு பேசும்போது குளியாளிக்காகப் பேசுவார். தோணிக்குள் குளியாளியை அதட்டுகிறவரும் அவர்தான். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் சம்மாட்டி. மூச்சடக்கி இறங்குகிறவன் மாணவன். அவர்களிலும் கயிறு பிடிக்க மேலே ஆளில்லாமல் இறங்குகிறவன் சேரியிலிருந்து வந்த மாணவன்.

அந்த மாணவனுக்குப் பல்கலைக்கழக அதிகாரம் என்பது சட்டப் புத்தகத்தில் இல்லை. அது ஸ்காலர்ஷிப் செக்ஷனின் ஜன்னலில் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012இல் அரசாணை 92 வந்தது. ஆணை வந்ததே தவிர, ஜன்னல் மாறவில்லை. “பணம் இன்னும் வரல, நீ கட்டிரு, வந்ததும் தாரோம்” என்று சொல்வது ஒரு கிளார்க். “ஆபீஸ்ல போய்க் கேளுப்பா” என்று அனுப்பிவைப்பது ஒரு பேராசிரியர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நடக்கிற அதிகாரச் சண்டையில் அந்த மாணவனுக்கு என்ன பங்கு? இந்த நுண் அதிகாரத்தைப் பேசாத பல்கலைக்கழக சுயாட்சி பற்றிய சொல்லாடல் அத்தனையும் சம்மாட்டிகளின் சொல்லாடல்தான்.

4

இருந்தாலும் சம்மாட்டியை விட்டுக் கொடுத்துவிட முடியுமா? முடியாது என்று நமக்கு டெல்லி காட்டியது.

டெல்லிப் பல்கலைக்கழக பி.ஏ. ஆனர்ஸ் ஆங்கிலத்தில், பெண் எழுத்து என்ற தாளில், பாமாவின் ‘சங்கதி’யும் சுகிர்தராணியின் கவிதைகளும் பாடமாக இருந்தன. மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யும் பாடத்திட்டத்தில் இருந்தது. 2021 ஆகஸ்டில் கண்காணிப்புக் குழு என்று ஒன்று இவற்றை எடுத்தது. பாமாவும் சுகிர்தராணியும் இருந்த இடத்துக்கு ரமாபாய் வந்தார். கல்விக் குழு உறுப்பினர்கள் 15 பேர் எழுத்து மூலமாக மறுப்புத் தெரிவித்தார்கள். பாடத்தை வெட்டிய குழுவில் தலித்தும் இல்லை, ஆதிவாசியும் இல்லை, சம்பந்தப்பட்ட துறையின் வல்லுநரும் இல்லை என்பது அவர்களின் புகார். மறுப்பு பதிவானது, நீக்கமும் நிறைவேறியது.

திருநெல்வேலியில் நடந்ததற்கும் டெல்லியில் நடந்ததற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே வெளியிலிருந்து புகார் வந்து ஆபீஸ் பணிந்தது. அங்கே பாடத்திட்டக் குழுவுக்கு மேலே இன்னொரு குழுவையே உட்காரவைத்துவிட்டார்கள். புகார் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டாவதுதான் ஆபத்து அதிகம். ஏனென்றால் அது நிரந்தரமான கட்டமைப்பு. லாலாப்பேட்டை, புதுப்பட்டி என்று எந்தச் சேரியிலிருந்து எழுத்து வந்தாலும் கடைசி வாசலில் ஒருவன் நின்று சோதனை போடுவான்.

ரமாபாய் பார்ப்பனியத்தை எதிர்த்துப் பேசிய பெண்தான். அவரை நாம் குறை சொல்லப் போவதில்லை. கேட்பது வேறு. ஒரு தலித் பெண் எழுந்த நாற்காலியில் இன்னொரு தலித் பெண்ணை உட்காரவைக்க ஏன் யாருக்கும் தோன்றவில்லை? பாமாவுக்குப் பதிலாக யாரும் வரலாம் என்றால், பாமா அங்கே எதற்காக இருந்தார் என்பதே வெட்டியவர்களுக்குப் புரியவில்லை. அல்லது மிக நன்றாகப் புரிந்திருக்கிறது.

5

இனி அந்த இரண்டாவது கேள்வி. பாடத்திட்டம் ஆசிரியர்கள் கையில் பத்திரமாக இருந்த காலத்தில் நமக்கு என்ன கிடைத்தது?

பூமணியின் ‘பிறகு’ 1979இல் வந்தது. கோவில்பட்டிக் கரிசலில் சக்கிலியர் வாழ்க்கையைச் சொன்ன நாவல். தலித் எழுத்தாளர் என்ற பெயரைப் பூமணி ஏற்பதில்லை, அது வேறு விவாதம். ‘கருக்கு’ 1992இல் வந்தது, ‘சங்கதி’ 1994இல். தமிழ்த்துறைகள் இவற்றை இலக்கியமாக ஒத்துக்கொள்ள எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டன? பேச்சுமொழி, கொச்சை, அழகியல் இல்லை, பிரச்சாரம் என்று எத்தனை தீர்ப்பு! எந்தத் துணைவேந்தரும் ஆர்டர் போட்டு இதைத் தடுக்கவில்லை. ஆர்டருக்குத் தேவையே வரவில்லை. பேராசிரியர்களே உள்ளே விடவில்லை. நீக்கப்பட்ட புத்தகத்துக்குத் தேதி இருக்கிறது, கண்டன அறிக்கை இருக்கிறது. சேர்க்கப்படாத புத்தகத்துக்கு ஒன்றும் கிடையாது.

நான் எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷமும் பாடத்தில் தலித் எழுத்து ஒரு பக்கம்கூட இல்லை. கல்லூரியின் பெயர் முக்கியமில்லை, பெயரை மாற்றிப் போட்டாலும் கதை மாறாது. ‘கருக்கு’ எனக்குக் கிடைத்தது ஒரு ஆசிரியரின் பையிலிருந்து. பழைய பேப்பரால் அட்டை போட்டிருந்தார். “படிச்சிட்டுத் தாங்க தம்பி. டிபார்ட்மென்ட்ல வச்சிப் பேசிக்கிட வேண்டாம்” என்றார். நம்ம ஆளு. நிரந்தர வேலையில் இருந்தவர். அவருக்கே பயம். யாருக்குப் பயந்தார்? துணைவேந்தருக்கு இல்லை. பக்கத்து நாற்காலிக்கு.

ஆசிரியர் அதிகாரம் என்று ஒரே வார்த்தையில் பேசும்போது இந்தப் பக்கத்து நாற்காலி மறைந்துவிடுகிறது. அந்த நாற்காலியில் யார் என்பதைக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் இடஒதுக்கீட்டுக்குத் துறையைத்தான் அலகாகக் கொள்ள வேண்டும் என்று 2017இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் சொன்னது. 2018 மார்ச்சில் யு.ஜி.சி. அதைச் சுற்றறிக்கையாக்கியது. அந்த 13 புள்ளி ரோஸ்டரில் எஸ்.சி.க்கு ஏழாவது இடம், எஸ்.டி.க்குப் பதினான்காவது இடம். ஆறு பேர் மட்டும் உள்ள துறையில் ஏழாவது இடம் எப்போது வரும்? நாடு முழுக்கப் போராட்டம் நடந்த பிறகு 2019இல் பல்கலைக்கழகம் முழுவதையும் அலகாக்கிச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் எஸ்.சி.க்கு 18 சதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதம், எஸ்.டி.க்கு 1 சதம் என்று சட்டம் இருக்கிறது. கடற்கரையில் நிறையப் பேராக இருக்கிற கிறிஸ்தவ தலித்துகள் இந்தக் கணக்கில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். சாதி மட்டும் அவர்களோடு கோயிலுக்குள்ளும் வருகிறது.

ஹைதராபாத்தை மறந்துவிட வேண்டாம். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலா இறந்த பிறகு, மாணவர்களைத் தண்டித்த முடிவில் தலித் பேராசிரியருக்கும் பங்கு இருந்தது என்று மத்திய அமைச்சர் பேசினார். உடனே அங்கிருந்த தலித் ஆசிரியர்கள் பலர் தங்கள் நிர்வாகப் பொறுப்புகளை உதறினார்கள். நிர்வாகம் தன் பழியை ஏற்றிவைக்க ஒரு தலித் முதுகைத் தேடும்போது, அந்த முதுகு விலகிக்கொள்ளலாம் என்று காட்டினார்கள். ஆசிரியருக்கும் நிர்வாகத்துக்குமான சமன்பாட்டில் இப்படி ஒரு பாடம் வேறெங்கும் கிடைக்காது.

6

நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் போதுமா? வாய் திறக்க முடிய வேண்டும். தமிழகத்தின் அரசுக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் வேலை பார்த்தார்கள். பெயரில்தான் கௌரவம். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019இல் சொன்னது. இங்கே தந்தது 20,000, 25,000 ரூபாய் என்ற அளவில். முதல் தலைமுறையாக எம்.ஏ., எம்.பில்., பிஎச்.டி. முடித்து வருகிற நம் பிள்ளைகள் போய் நிற்கிற இடம் இதுதான். அடுத்த வருஷம் வேலை உண்டா என்று தெரியாதவர் எந்தக் கூட்டத்தில் எழுந்து, இந்த நூலை எடுக்கக்கூடாது என்று சொல்வார்?

நிரந்தர ஆசிரியருக்கும் நிலைமை கெட்டுக்கொண்டு வருகிறது. 2024இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் பாக்கி விழுந்து ஆசிரியர்களும் ஓய்வு பெற்றவர்களும் தெருவில் உட்கார்ந்தார்கள். ஒரு காலத்தில் தனியார் கல்லூரி முதலாளியின் கையிலிருந்து ஆசிரியரை ஓரளவு விடுவித்தது அரசு நேரடியாகத் தந்த சம்பளமும், 1976இன் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டமும்தான். அவையும் இனாமாக வந்தவை இல்லை. மூட்டா போன்ற சங்கங்கள் போராடி வாங்கியவை. அந்தச் சங்கங்களின் சாதனையை நாம் மறுக்கவில்லை. அந்தப் பாதுகாப்புக்குள் எத்தனை தலித்துகள் வர முடிந்தது என்று மட்டும் கேட்கிறோம்.

7

இப்போது பத்திரிகைகளில் பல்கலைக்கழகம் என்றால் ஆளுநர், முதலமைச்சர் சண்டை என்றாகிவிட்டது. சண்டை உண்மையானதுதான். கோவில்பட்டியில் பிறந்த சங்கரய்யா 1941இல், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பரீட்சை எழுத இருந்த சமயத்தில் சிறைக்குப் போய்ப் பட்டத்தை இழந்தவர். அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் குழுக்கள் 2023இல் முடிவு செய்தன. வேந்தரான ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை. அந்த நவம்பர் 2இல் பட்டமளிப்பு விழா நடந்தது. நவம்பர் 15இல் சங்கரய்யா இறந்துபோனார். ஆசிரியர் குழு எடுத்த முடிவு ஒரு மேசையில் செத்தது.

துணைவேந்தர் நியமனத்தை ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்றும் மசோதாக்களை 2022இலிருந்து சட்டமன்றம் நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 8இல் உச்சநீதிமன்றம் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. மே 21இல் சென்னை உயர்நீதிமன்றம் நியமனம் பற்றிய பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. இதற்கு நடுவே துணைவேந்தர் இல்லாத பல்கலைக்கழகங்களை உயர்கல்விச் செயலாளர் தலைமையிலான குழுக்கள் நடத்தின. 2025 ஜனவரியின் யு.ஜி.சி. வரைவு விதிகளோ தொழில் நிறுவனத்திலிருந்தும் அரசு நிர்வாகத்திலிருந்தும் துணைவேந்தர் வரலாம் என்றன. மாநில உரிமை என்ற அளவில் நாம் ஆளுநருக்கு எதிர்ப்பக்கம்தான். ஆனால் ராஜ்பவனிலிருந்து கோட்டைக்குச் சாவி மாறினால் பாடத்திட்டக் குழுவின் கதவு திறந்துவிடும் என்று நம்ப ஆதாரமில்லை. வேந்தரா, அமைச்சரா, செயலாளரா என்ற பட்டியலில் ஆசிரியர் பெயரும் இல்லை, மாணவர் பெயரும் இல்லை.

மேலே பார்த்தே பழகிய நிர்வாகம் என்ன செய்யும் என்பதற்கு, மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கமும் சாட்சி உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் 2021 ஜனவரி 8 இரவில் நிர்வாகத்தால் இடிக்கப்பட்டது. மேலிடத்து அழுத்தம் என்றார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றே நாளில் அதே துணைவேந்தர் வந்து திரும்பவும் அடிக்கல் நாட்டினார். கீழேயிருந்து வருகிற அழுத்தமும் ஒரு அழுத்தம்தான் என்று அந்தப் பிள்ளைகள் காட்டினார்கள். அபிஷேகப்பட்டியில் அது நடக்கவில்லை.

8

அம்பேத்கர் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகச் சீர்திருத்தக் குழுவுக்கு 1924இல் கருத்து எழுதிக் கொடுத்தபோதும், 1927இல் சட்டசபையில் பல்கலைக்கழக மசோதா மீது பேசியபோதும், பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கிற ஆபீஸாக இருந்தால் போதாது, கற்பிக்கிற இடமாக இருக்க வேண்டும் என்பது அவர் நிலை. கூடவே, செனட்டில் பிற்பட்ட வகுப்பாருக்கு இடம் வேண்டும் என்றும் வாதாடினார். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிட அவர் தயாராக இல்லை. நாமும் அப்படித்தான் நிற்க வேண்டும்.

எனவே கோரிக்கையும் இரட்டையாகத்தான் இருக்கும். ஒரு நூலை எடுப்பதென்றால் பாடத்திட்டக் குழு கூடிக் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் குறிப்பு மாணவர்கள் படிக்கும்படி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும். சேர்க்க மறுத்த நூலுக்கும் அதே விதி. குழுவில் எஸ்.சி., எஸ்.டி. ஆசிரியர்களும், இணைவுக் கல்லூரி ஆசிரியர்களும், மாணவர்களும் உட்கார வேண்டும். நியமனத்தால் இல்லாமல் உரிமையாக உட்கார வேண்டும். துறைவாரியாக ரோஸ்டரை வெளியிட வேண்டும், பின்னடைவுக் காலியிடங்களை நிரப்ப வேண்டும். கௌரவ விரிவுரையாளருக்கு வேலைப் பாதுகாப்பும் குழுவில் ஓட்டும் வேண்டும்.

இதைக் கேட்டால் ஆசிரியர் சங்கத்துப் பெரியவர்கள் சிலர், “இப்போ நிர்வாகத்தோட சண்டை நடக்குது. இந்த நேரத்துல சாதியக் கொண்டுவந்து நடுவுல போடலாமா?” என்பார்கள். சாதியை நாம் கொண்டுவரவில்லை. அது ஸ்டாஃப் ரூமில் நமக்கு முன்பே வந்து நாற்காலி பிடித்து உட்கார்ந்திருக்கிறது. அடுத்த முறை ஒரு புத்தகம் நீக்கப்படும்போது நாம் கண்டனக் கூட்டத்துக்குப் போவோம், முன்வரிசையில் உட்காருவோம். பேச மைக் வந்ததும் முதலில் பாடத்திட்டக் குழு உறுப்பினர் பட்டியலை வாசிக்கச் சொல்வோம்.